பழைய உல்லாசப் படகும் அதன் டீசல் இன்ஜின்களும்: எனக்கு யாரும் சொல்லாதவை

ஒரு படகுகூட என் பெயருக்கு வராத நிலையிலேயே ஏறக்குறைய 11,000 சிங்கப்பூர் வெள்ளி கையை விட்டுப் போயிருந்தது. வாங்காமல் விட்ட படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்ததற்கும், படகின் நிலையைச் சோதித்துச் சொல்லும் சர்வேயருக்கும், எண்ணெய்ப் பரிசோதனைக்கும் கொடுத்த பணம் அது. அலைந்த காலம் ஒரு வருடத்துக்கு மேல். கார் வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றான சிஓஇ விலையில் தொடங்கி டயர் வரைக்கும் அறிவுரை சொல்ல நம் ஆட்களில் பத்துப் பேர் வருவார்கள். நாற்பதடி டீசல் படகு என்றதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என் மனைவியும் அதையேதான் கேட்டார், இன்னும் கொஞ்சம் சத்தமாக. ஆங்கிலத்தில் படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பாலானது குளிர்ந்த கடல்களில், வருடத்தில் ஆறு மாதம் படகைக் கரையில் ஏற்றி வைக்கும் ஊர்களில் எழுதியது. நம் சிங்கப்பூரில் படகு வருடம் முழுக்க 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிறது. எந்த இன்ஜின் நல்ல இன்ஜின் என்ற கேள்விக்கு இங்கே வேறு பதில் வருவது அதனால்தான்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயமில்லை. வார இறுதியில் பிள்ளைகளையும் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு லாசரஸ் தீவு, செயின்ட் ஜான்ஸ் தீவு, கூசு தீவுப் பக்கம் போய் நங்கூரம் போட்டு, சாப்பிட்டு, குளித்துவிட்டு வர வேண்டும். பள்ளி விடுமுறையில் இந்தோனீசியாவின் பாத்தாம் தீவில் இருக்கும் நொங்சா வரை ஒரு நடை. கையில் 180,000 வெள்ளி, அதற்கு மேல் ஒரு காசு இல்லை. படகு விற்கும் புரோக்கர்கள் எல்லாரும் முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது சோபாவையும் மேல்தளத்தையும் குளிர்பதனப் பெட்டியையும்தான். இன்ஜினைப் பற்றிக் கேட்டால் "ரெண்டும் நல்லா ஓடுது பாஸ்" என்பதோடு முடிந்துவிடும். படகு ஓட்டும் உரிமத்துக்கு நான் படித்தபோதும் கடல் விதிகளும் ஓட்டும் முறையும் நன்றாக வந்தன, பழைய இன்ஜினை விலை பேசுவது எப்படி என்பது அதில் வரவில்லை, வரவேண்டிய இடமும் அதுவல்ல. நான் விலை கேட்ட இடங்களில், நாற்பதடிப் படகின் ஜோடி டீசல் இன்ஜின்களைப் புதிதாக மாற்றப் படகின் விலையில் பாதிக்கு மேல் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு சோபா கண்ணில் படுவதே நின்றுவிட்டது.

முதலில் மனம் போனது 1990களில் கட்டிய ஓர் அமெரிக்கப் படகின் மேல். 44 அடி, மரவேலை அவ்வளவு அழகு, கேட்ட விலை 95,000 வெள்ளிதான். உள்ளே இரண்டு கேட்டர்பில்லர் 3208டிஏ, ஒவ்வொன்றும் 375 குதிரைத்திறன். 10.4 லிட்டர் வி8 இன்ஜின், கம்ப்யூட்டர் கிடையாது, லாரிகளிலும் ஓடிய இனம் என்பதால் அதைத் தெரிந்த மெக்கானிக் எங்கேயும் கிடைப்பார். ஆனால் அதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சிலிண்டருக்குள் கழற்றி மாற்றக்கூடிய உறையான லைனர் கிடையாது, பிஸ்டன் நேராக இன்ஜின் பிளாக்கில் குடைந்த துளையிலேயே ஏறி இறங்குகிறது. தேய்ந்துவிட்டால் லைனரை மட்டும் உருவிப் புதிதாகப் போட முடியாது. இன்ஜினையே வெளியே தூக்கி, பிளாக்கைக் கடைசலுக்குக் கொடுக்க வேண்டும். தூக்க வேண்டும் என்றால் அந்த அழகான மரத்தரையையும் மேசை நாற்காலிகளையும் முதலில் கழற்ற வேண்டும். இதனால் அது மோசமான இன்ஜின் ஆகிவிடாது, ஒழுங்காக ஓட்டியவர்களிடம் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. ஆனால் ஏற்கெனவே அடி வாங்கிய ஒன்றை வாங்கினால் பழுதுபார்ப்புச் செலவு மிகவும் கூடும். எந்தப் பழைய இன்ஜினைப் பார்க்கப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: லைனர் உண்டா, படகுக்குள் வைத்தே பழுதுபார்க்க முடியுமா?

படகின் உடலைப் பார்க்கும் சர்வேயர் இன்ஜினையும் பார்ப்பார் என்று பலரும் நினைக்கிறார்கள். அவர் ஓட விட்டுப் பார்ப்பார், கசிவு இருந்தால் எழுதுவார், அவ்வளவுதான். டீசல் இன்ஜினுக்கென்று தனி ஆள் வேண்டும். எனக்கு உறவினர் மூலம் கிடைத்தவர் இழுவைப் படகுகளில் இன்ஜின் பார்த்தே ஓய்வு பெற்றவர், நாகப்பட்டினம் பக்கம் பிறந்து சிங்கப்பூரராகிவிட்ட மனிதர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். துவாஸ் பக்கம் கடலில் ஓட்டிப் பார்த்த அன்று, முழு வேகத்துக்கு லீவரைத் தள்ளியும் முள் 2,450ஐத் தாண்டவில்லை. அந்த இன்ஜின் தொட வேண்டியது நிமிடத்துக்கு 2,800 சுற்று. பின்னால் பார்த்தால் கரும்புகை. "அடியில பாசி, கொட்டலசு பிடிச்சிருக்கு, அதான்" என்றார் புரோக்கர். அண்ணன் என்னிடம் மெதுவாக, "இருக்கலாம் தம்பி. அப்ப தூக்கிக் கழுவிட்டு மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லு. புத்தகத்துல போட்டிருக்கிற நம்பர் வரணும், இல்லாட்டி இது இவ்வளவு நாளா மூச்சு முட்டி ஓடியிருக்குன்னு அர்த்தம்" என்றார். தூக்கிக் கழுவும் செலவு 1,400 வெள்ளி என் தலையில் விழுந்தது, ஒப்பந்தத்தில் அதை யார் தருவது என்று எழுதியிருக்கவில்லை. கழுவிய பிறகும் 2,600தான்.

இந்த ஒரு சுற்று எண்ணிக்கையை நான் ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறேன் என்றால், டீசல் இன்ஜின் பொய் சொல்ல முடியாத இடம் அது. ப்ரொபெல்லர் கொடுக்கும் சுமை இன்ஜினின் சக்திக்கு மீறியதாக இருந்தால், கேட்ட வேகத்தை எட்டுவதற்காக இன்ஜின் மேலும் மேலும் டீசலை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடான காற்று கிடைக்காது. எரியாத டீசல் கரும்புகையாக வெளியே போகும், எக்சாஸ்ட் வெப்பம் ஏறும், வால்வும் பிஸ்டனும் டர்போவும் அடி வாங்கும். வருடக்கணக்கில் அப்படி ஓட்டிய இன்ஜின் வெளியே வெள்ளைப் பெயின்ட்டில் பளபளவென்று இருக்கலாம். ஓட்டிப் பார்க்கும் நாளில் டீசல் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருக்க வேண்டும், படகில் ஐந்தாறு பேராவது ஏற வேண்டும் என்று இப்போது நான் யாரிடமும் சொல்வேன். காலித் தொட்டியோடு ஓட்டிக் காட்டினால் எந்தப் படகும் இளைஞனைப் போல் ஓடும். நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இன்ஜின் தயாரிப்பாளர்கள் குதிரைத்திறனைச் சொல்வது 25 டிகிரிக் காற்றை வைத்து. நம் படகின் இன்ஜின் அறை மதியத்தில் 50 டிகிரியைத் தொடும், அந்தக் காகித எண் முழுசாகக் கிடைக்காது. ஆகவே ப்ரொபெல்லரின் சுமை கொஞ்சம் லேசாகவே இருப்பது இங்கே நல்லது. அந்தப் படகை விட்டுவிட்டேன். அதில் மட்டும் போனது 4,400 வெள்ளி.

நடுவில் டெட்ராய்ட் டீசல் போட்ட ஒரு படகையும் பார்த்தேன், 6வி92. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், அது போடும் சத்தத்துக்கு ஈடே கிடையாது. அண்ணனுக்கு அதைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு, படகுக்குள் வைத்தே பிரித்துப் பூட்டலாம் என்று பழைய கதைகளை எடுத்துவிட்டார். அதற்கு எஸ்ஏஇ 40 என்ற ஒற்றை கிரேடு எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், கடையில் கிடைக்கும் மல்டிகிரேடு எண்ணெயை அல்ல. இதை நடுத்தர வயதுப் புரோக்கர் ஒருவருக்கே நாங்கள் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணெய் கசியும், அதிகம் குடிக்கும், அதைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். அம்மாவுக்குக் காது வலிக்கும் என்ற காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது. லங்காவியில் விலை மலிவாக ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். அது தீர்வையற்ற தீவு என்பதால் விலை கண்ணைக் கவரும், ஆனால் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தால் 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்ட வேண்டும், கொண்டுவரும் செலவும் நம்முடையது. கணக்குப் போட்டதும் திரும்பிவிட்டேன்.

அதற்கப்புறம் வந்ததுதான் என்னை ரொம்ப ஆட்டிவைத்த படகு. 2008ல் கட்டிய ஐரோப்பியப் படகு, 40 அடி, பார்க்கப் புத்தம் புதிதுபோல் இருந்தது. கம்ப்யூட்டர் அளந்து மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் எலக்ட்ரானிக் காமன் ரெயில் இன்ஜின் இரண்டு, ப்ரொபெல்லர் பொருத்திய கால் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெர்ன்டிரைவ். மீட்டரில் முந்நூறு மணி நேரம்கூட இல்லை. புகை இல்லை, வாடை இல்லை, சாவியைத் திருகியதும் பூனை உறுமுவது போல ஒரு சத்தம். மனைவிக்குப் பிடித்துப்போன முதல் படகு அது. நானும் விழுந்துவிட்டேன், ஒளிப்பானேன்.

குறைந்த மணி நேரம் என்பது காரில் நல்ல செய்தி. நம் ஊர்ப் படகில் அது எச்சரிக்கை மணி. பதினைந்து வருடத்தில் முந்நூறு மணி நேரம் என்றால் மாதத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஓடவில்லை. மீதி நேரமெல்லாம் ஈரக்காற்றில் உப்புத் தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு சும்மா கிடந்திருக்கிறது. எக்சாஸ்ட் எல்போ என்று ஒரு வளைவுக் குழாய் இருக்கிறது, இன்ஜினின் சுடுபுகையும் கடல் தண்ணீரும் சந்திக்கும் இடம். அது உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே துரு தெரிவதற்குள் உள்ளே பாதி போயிருக்கும், அதில் ஓட்டை விழுந்தால் கடல் தண்ணீர் டர்போவுக்கும் சிலிண்டருக்கும் திரும்பிப் போகும். கடல் தண்ணீரை இறைக்கும் பம்பில் சுழலும் இம்பெல்லர் ரப்பர் ஒரே நிலையில் கிடந்து இறுகிவிடும். தொட்டியில் டீசல் பழசாகும். மாதம் பத்து மணி நேரம் ஓடி, ஒழுங்காக எண்ணெய் மாற்றிய 1,500 மணி நேர இன்ஜினை நான் இப்போது கண்ணை மூடிக்கொண்டு இதைவிட மேலாக நினைப்பேன்.

அந்தப் படகில் எங்களுக்குச் சந்தேகம் வந்தது எண்ணெயில். பரிசோதனைக்கு அனுப்பச் சிறு குப்பியில் எடுத்தபோது எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. ஓடிய டீசல் எண்ணெய் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். போன வாரம்தான் மாற்றினோம், உங்களுக்காக சர்வீஸ் செய்து வைத்தோம் என்றார்கள். நல்ல எண்ணமாகவே இருக்கலாம், ஆனால் பரிசோதனை வீண். எண்ணெயில் இரும்பு எவ்வளவு, ஈயம் செம்பு எவ்வளவு, கடல் தண்ணீர் கலந்ததைக் காட்டும் சோடியம் எவ்வளவு, டீசல் கலந்திருக்கிறதா என்பதெல்லாம் அது சில பத்து மணி நேரமாவது ஓடியிருந்தால்தான் தெரியும். இதனால் விலை பேசும் முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், நாங்கள் பார்க்கும் வரை எண்ணெயை மாற்றக் கூடாது என்று. அதே போல, நாம் போய்ச் சேரும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். படகில் ஏறியதும் பிளாக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நமக்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், காலையில் முதல் தடவை எப்படிக் கிளம்புகிறது, எவ்வளவு வெள்ளைப் புகை விடுகிறது என்பதை அன்று பார்க்க முடியாது. இன்னொரு நாள் வருகிறேன் என்று இறங்கிவிடுவது நல்லது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

எலக்ட்ரானிக் இன்ஜினில் ஒரு பெரிய நன்மை, அதன் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும். அதற்கான லேப்டாப்போடு அந்தத் தயாரிப்பாளரின் டெக்னீஷியனை வரவழைத்துப் படிக்கச் சொன்னேன், பாதி நாளுக்கு 650 வெள்ளி. எத்தனை மணி நேரம் எந்த வேகத்தில் ஓடியது, எப்போதாவது அளவுக்கு மீறிச் சூடானதா, என்னென்ன எச்சரிக்கைகள் வந்தன என்று காகிதத்தில் வந்துவிட்டது. ஒரு பக்க இன்ஜின் சூடேறி எச்சரித்த பதிவு இருந்தது. விற்பவர் அதைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. படகைத் தூக்கியபோது ஸ்டெர்ன்டிரைவின் காலெல்லாம் கொட்டலசு, தண்ணீர் உள்ளே புகாமல் காக்கும் ரப்பர் பெல்லோஸ் வெடிக்கும் நிலையில், அலுமினியத்தில் அரிப்புக் குழிகள். எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கும் நம் ஊர்ப் படகுக்கு ஸ்டெர்ன்டிரைவ் ஒத்துவராது என்பது என் கட்சி. கரையில் அடுக்கி வைக்கும் உலர் நிறுத்துமிடம் இருந்தால் வேறு விஷயம். 2005ல் வால்வோ பென்டா அறிமுகப்படுத்திய ஐபிஎஸ் என்ற முன்னோக்கிய ப்ரொபெல்லர் அமைப்பும் உண்டு. ஓட்டுவதற்கும் கட்டுவதற்கும் அவ்வளவு சுகம், டீசலும் மிச்சம். ஆனால் அதன் காலும் தண்ணீருக்கடியில்தான் இருக்கிறது, சீல் மாற்றியதற்கும் கியர் எண்ணெய் மாற்றியதற்கும் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். இன்ஜினிலிருந்து ப்ரொபெல்லருக்கு நேராகப் போகும் தண்டான சாதாரண நேர் ஷாஃப்ட் பழைய முறைதான், பாதி இடத்தைத் தின்னும்தான், ஆனால் அதில் கெட்டுப்போக இருப்பது குறைவு. அந்தப் படகை விட்டபோது மனைவி ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அதில் இன்னொரு 4,100 வெள்ளி.

கடைசியில் வாங்கியது 2002ல் கட்டிய 42 அடிப் படகு, நேர் ஷாஃப்ட், இரண்டு கம்மின்ஸ் 6சிடிஏ 8.3, தலைக்கு 450 குதிரைத்திறன். மெக்கானிக்கல் எரிபொருள் பம்ப், லைனர் உண்டு, மணி நேரம் 1,400க்கு மேல். இதே கம்பெனியின் சிறிய 6பிடிஏ 5.9 இன்ஜினில் லைனர் கிடையாது, அதுவும் நன்றாக உழைக்கும் இனம்தான், ஆனால் இரண்டில் ஒன்று என்றால் எனக்கு இது. யான்மாரின் 6எல்ஒய்ஏ வகையையும் யோசித்தேன், இருந்த ஒரே படகு கைமாறிப் போய்விட்டது. இங்கே நான் கடைப்பிடித்த கணக்கு பேர் புகழ் இல்லை. கெட்டுப்போனால் அடுத்த வாரமே வந்து பார்க்க சிங்கப்பூரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பாகம் எங்கிருந்து வர வேண்டும்? பார்த்த ஒவ்வொரு இன்ஜினுக்கும் கடல் தண்ணீர் பம்ப் ஒன்று, ஆஃப்டர்கூலர் ஒன்று, எக்சாஸ்ட் எல்போ ஒன்று என்று மூன்று பாகத்துக்கு இரண்டு கடைகளில் விலையும் நாளும் கேட்டேன். ஒரு இன்ஜினுக்குக் கையில் இருக்கிறது என்றார்கள். இன்னொன்றுக்கு ஐரோப்பாவிலிருந்து எட்டு வாரம் என்றார்கள். மூன்று போன் அழைப்பில் தெரிந்துவிடும் விஷயம், செலவே கிடையாது.

ஆஃப்டர்கூலரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விலையில் 12,000 வெள்ளி குறைந்தது அதை வைத்துத்தான். டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றை இன்ஜினுக்குள் போகுமுன் கடல் தண்ணீரால் குளிர்விக்கும் பெட்டி அது. ஒரு பக்கம் கடல் தண்ணீர், மறுபக்கம் இன்ஜின் மூச்சு விடும் காற்று, நடுவில் மெல்லிய குழாய். இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றி, கழுவி, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, கிரீஸ் பூசித் திரும்ப மாட்ட வேண்டும். அதைத் திறந்ததற்கு முந்தைய உரிமையாளரிடம் ஒரு காகிதம்கூட இல்லை. அண்ணன் வற்புறுத்தித் திறக்க வைத்தார். மூடியைக் கழற்றவே சுத்தியல் வேண்டியிருந்தது, உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்து கிடந்தது. இரண்டையும் மாற்ற 9,000 வெள்ளி. ரெண்டு இன்ஜின் இருப்பதில் ஒரு வசதி, ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்கலாம். கையடக்க வெப்பமானி ஐம்பது வெள்ளிக்குள் கிடைக்கும். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு இன்ஜினிலும் அதே அதே இடத்தில் காட்டிப் பார்த்து எழுதிக்கொண்டால், எது வழக்கத்துக்கு மாறாகச் சுடுகிறது என்று மெக்கானிக் இல்லாமலே தெரியும்.

வாங்கிய பிறகு முதல் வருடத்தில் இன்னும் 28,000 வெள்ளி போனது. ஆஃப்டர்கூலர்கள் 9,000, எல்போக்கள் 6,500, ஹோஸ், இம்பெல்லர், இன்ஜின் மவுன்ட் எல்லாம் சேர்த்து 4,000, தொட்டி சுத்தம் 3,200, ஜெனரேட்டர் 5,500. கடைசி இரண்டையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. தொட்டியைப் பற்றித் தெரிந்துகொண்டது நொங்சாவிலிருந்து திரும்பும்போது. அங்கே டீசல் நிரப்பியிருந்தேன். இந்தோனீசியாவில் டீசலில் பாம் எண்ணெயிலிருந்து எடுக்கும் பயோடீசலைக் கலந்து விற்பது கட்டாயம், 2023ல் 35 விழுக்காடு, 2025ல் 40 விழுக்காடு. அதில் ஓட்டலாம், ஆனால் அது சாதாரண டீசலைவிட அதிகமாகத் தண்ணீரை இழுக்கும், பழைய தொட்டியில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கையும் கரைத்து எடுத்துக்கொண்டு வரும். வெப்பத்தில் டீசலுக்கும் அடியில் நிற்கும் தண்ணீருக்கும் நடுவே நுண்ணுயிரிகள் வளர்ந்து கறுப்புக் குழம்பாகிவிடும்.

சிங்கப்பூர் நீரிணையில் பெரிய கப்பல்கள் போகும் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும், முடிந்தவரை நேர் செங்கோணத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல். பாதி தூரத்தில் வலப்பக்க இன்ஜின் வேகம் இறங்கி, இருமி, நின்றுவிட்டது. பிள்ளைகள் மேலே பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் ஒரு எண்ணெய்க் கப்பல் வந்துகொண்டிருந்தது, தூரத்தில்தான், ஆனால் அதெல்லாம் நினைப்பதைவிட வேகமாகப் பக்கத்தில் வந்துவிடும். இரண்டு இன்ஜின் இருக்கிறதே என்ற தைரியம் அந்த இடத்தில் போய்விட்டது, இரண்டும் குடிப்பது ஒரே அழுக்கை என்பது அப்போதுதான் உறைத்தது. மற்ற இன்ஜினின் வேகத்தைக் குறைத்தேன், டீசல் குறைவாக இழுத்தால் ஃபில்டர் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் என்ற கணக்கில். அது தாங்கியது. கரைக்குப் பக்கத்தில் வந்து நங்கூரம் போட்டு, கை நடுக்கம் நின்ற பிறகு ஃபில்டரைத் திறந்தால் கறுப்புக் கூழ். காமன் ரெயில் இன்ஜினாக இருந்திருந்தால் இதோடு போயிருக்காது என்று அண்ணன் அடித்துச் சொல்கிறார். காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேலான அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டர்களுக்குச் சொட்டுத் தண்ணீர் போனாலும் சேதம்தான். வாங்குவதற்கு முன் தொட்டியின் அடிமட்டத்திலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஃபில்டர் எப்போது அடைக்கிறது என்று காட்டும் வேக்குவம் கேஜ் ஒன்றைப் பொருத்த நூறு இருநூறு வெள்ளிதான் ஆகும்.

ஜெனரேட்டர் விஷயம் நம் ஊருக்கே உரியது. செந்தோசாவிலிருந்து லாசரஸ் போய்ச் சேர இருபது நிமிடம்கூட ஆகாது, ஆனால் அங்கே நங்கூரம் போட்டு ஐந்து மணி நேரம் குளிர்சாதனம் ஓட வேண்டும். ஆக, பெரிய இன்ஜின்களைவிட, மின்சாரம் தரும் ஜெனரேட்டரின் சின்ன டீசல் இன்ஜின் பல மடங்கு உழைத்திருக்கும். அதை யாரும் பரிசோதிப்பதில்லை. எல்லாக் குளிர்சாதனங்களையும் ஒன்றாகப் போட்டு, ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள். என்னுடையது மூன்றாம் வாரமே சூடேறி நின்றது.

குதிரைத்திறனைப் பற்றியும் கேட்கிறார்கள். தோராயமாக ஒரு லிட்டர் டீசலுக்கு ஐந்து குதிரைத்திறன் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இன்ஜினிலும் தலைக்கு 300 குதிரைத்திறனை இழுத்தால் மணிக்கு 120 லிட்டர். மணிக்கு எட்டு கடல் மைல் வேகத்தில் மெதுவாகப் போனால் அதில் சிறு பகுதிதான். தீவுகளுக்கு மட்டும் போகிறவருக்கு 450 தேவையே இல்லை, 300 போதும், இன்ஜின் அறையில் கை நுழைய இடமும் கிடைக்கும். நான் பாத்தாமை நினைத்து வாங்கினேன். எப்போதும் மெதுவாகவே ஓட்டினாலும், திரும்பி வரும் வழியில் பத்து நிமிடம் முக்கால் வேகம் கொடுப்பது டீசல் இன்ஜினுக்கு நல்லது, உள்ளே படியும் கரி போகும். காமன் ரெயிலுக்கு இந்தத் தொல்லை குறைவு, வாடையும் குறைவு. என் படகின் பின்பக்க வெள்ளைப் பெயின்ட்டில் ஒவ்வொரு தடவையும் கரி படிகிறது, மனைவி அதைத் துடைக்க மறுத்துவிட்டார்.

விலை பேசும்போது எழுத்தில் வாங்க வேண்டியவை என்று இப்போது கேட்பவர்களுக்கு நான் அனுப்புவது இவ்வளவுதான்: படகைத் தூக்கிக் கழுவிய பிறகே கடலில் ஓட்டிப் பார்ப்பது, அந்தச் செலவு யாருடையது, எண்ணெயை மாற்றாமல் வைப்பது, குளிர்ந்த இன்ஜினில் தொடங்குவது, முழு வேகம் வராவிட்டால் முன்பணம் முழுதும் திரும்புவது. கடைசி வரிக்குச் சம்மதிக்காத விற்பவர்கள் இருவரைப் பார்த்துவிட்டேன். இருவரிடமும் படகை ஏறிப் பார்க்கவே போகவில்லை, அதில் எனக்கு மிச்சமான பணம் கணிசம். படகில் இப்போது ஒரு பெட்டி நிறைய ஃபில்டர், இம்பெல்லர், பெல்ட், ஹோஸ் கிளிப், ஐந்து லிட்டர் எண்ணெய், ஒரு கை பம்ப் இருக்கின்றன. அடுத்த மாதம் கியர்பாக்ஸ் கூலர்கள் இரண்டையும் கழற்ற வேண்டும், அண்ணன் 900 வெள்ளி சொல்லியிருக்கிறார், பாகம் தனி.